பிலத்தில் ஊற்றிய பச்சை

அப்பாடா. இருக்காம். பின்படியில வைச்ச இடத்திலயே இருக்காம். இவர், என்ர மனுசன், போனில அதைச் சொல்லிப்போட்டு, "நான் வெங்காயத்துக்குத் தண்ணி கட்டிக்கொண்டு நிக்கிறன், வைக்கட்டே?" எண்டு கேட்டார், வையுங்கோ ராசா, தாராளமா வையுங்கோ, தோட்டம் முழுக்கக் கட்டிப்போட்டு ஆறுதலாப் போய்ச் சாப்பிடுங்கோ. கால் ரெண்டும் இப்பத்தான் என்ர கால் எண்டு தெரியுது. கேணிக்கட்டு சுடுது. இவ்வளவு நேரமும் சுட்டிருக்கும், எனக்குத்தான் உறைக்கேல்லை. முன்னால கேணி, அங்கால கடல், கேணியைச் சுத்திவர என்ர பெட்டையள், உயர்தரம் புவியியல் படிக்கிறவளவை, வெள்ளைச் சட்டை ஊத்தையாகும் எண்ட கவலை துளியும் இல்லாமல் கட்டில குப்புறப் படுத்துக்கொண்டு தண்ணிக்க கண்வெட்டாமல் பாக்கினம், எந்த மூலையால பச்சை வரப்போகுது எண்டு. ஆரணி கிழக்கு மூலை எண்டு பந்தயம் கட்டியிருக்கிறாள், தோத்தால் பஸ்ஸில பாட்டுப் பாடவேணுமாம். பாடுங்கோ பிள்ளையள். வரட்டும், பச்சை இப்ப வரட்டும். கொஞ்சம் முந்திவரைக்கும், வரக்கூடாது, வரவே கூடாது, புத்தகத்தில கிடக்கிறது எல்லாம் பொய்யாப் போகட்டும், சுண்ணக்கல்லுக்குக் கீழ ஒரு ஓட்டையும் இல்லை எண்டு போகட்டும், எண்டு அந்தக் கோயில் கோபுரத்தைப் பாத்து மனசுக்க கெஞ்சினவளும் நான்தான். இருபத்தைஞ்சு வருசமாக் கரும்பலகையில கீறிக் கீறிப் படிப்பிச்ச ஓட்டை. அதை இல்லை எண்டு சொல்லு அம்மாளாச்சி எண்டு கேட்டிருக்கிறன். விசர்.

எல்லாம் டிலக்சியால வந்தது. இல்லை, பாவம், அவள் என்ன செய்தவள், ஒரு கேள்வி கேட்டவள். போன கிழமை வகுப்பில நான் வழமையாச் சொல்லுறதைச் சொன்னன்: நிலாவரைக் கிணத்தில போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில மிதந்தது எண்டு ஊரில கதைக்கிறவை, அது கதைதான், ஆனால் கதைக்குள்ள இருக்கிற விசயம் மெய், எங்கட யாழ்ப்பாணம் இருக்கிறதே சுண்ணக்கல்லுக்கு மேலதான், மழைத்தண்ணி அந்தக் கல்லைக் கரைச்சுக் கரைச்சுக் கீழ வாய்க்கால், குகை எண்டு வெட்டி வைச்சிருக்கு, ஒரு இடத்தில போனது இன்னொரு இடத்தில வெளிக்கிடும். எல்லாரும் குனிஞ்சு எழுதினவை. இவள் மட்டும் பேனையை வாயில கடிச்சுக்கொண்டு, "ரீச்சர், போட்ட பழமும் எடுத்த பழமும் ஒண்டுதான் எண்டு எப்பிடித் தெரியும்?" எண்டாள். வகுப்பே சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரேல்லை. எப்பிடித் தெரியும்? எனக்கே ஆர் சொன்னது? நான் படிக்கிற காலத்தில இந்தக் கரை முழுக்க ஆமிக்காரன்ர முள்ளுக்கம்பிக்கு உள்ள. எங்கட சேர் சுண்ணக்கல் குகையை வெண்கட்டியால பலகையில கீறிப்போட்டு, இதுதான் பிள்ளையள் உங்கட களப்பயணம், கண்ணை மூடிக்கொண்டு உள்ளுக்க இறங்குங்கோ எண்டு பகிடி விட்டவர். நாங்களும் கண்ணை மூடினாங்கள். சுண்ணக்கல்லு எனக்கு உண்மையாத் தெரிஞ்சது வீட்டுப் பின்வளவில பங்கர் வெட்டேக்கதான். அப்பாவின்ர அலவாங்கு செம்பாட்டு மண்ணில ஒரு முழம் போகும், பிறகு டங் எண்டு கல்லில விழுந்து நெருப்புப் பறக்கும், அப்பா கல்லைப் பேசுவார், கடவுளைப் பேசுவார், அம்மாவையும் பேசுவார். அந்தக் கல்லுக்குக் கீழ தண்ணி ஓடுது எண்டு ஆராவது அப்ப சொல்லியிருந்தால் அலவாங்கை எறிஞ்சுபோட்டு எங்கயாவது போயிருப்பார். சரி, இந்தமுறை கண்ணைத் திறந்துகொண்டு பாப்பம் எண்டுதான் பிள்ளையளுக்குச் சொன்னன். புளியங்கேணி எண்ட ஊரில தோட்டங்களுக்கு நடுவில ஒரு பிலம் இருக்கு, நிலம் வாயைப் பிளந்தமாதிரி, படி இறங்கிப்போனால் அடியில தண்ணி நழுவி ஓடுறது கண்ணுக்குத் தெரியும். அதில பச்சை ஊத்துவம், கீழ கடற்கரைக் கேணியில வந்து காத்திருப்பம். கோயில் முகாமையாளரிட்ட அனுமதி கேக்க, "கேக்குக்குப் போடுற கலறிங், பச்சைச் சாயம்தானே ரீச்சர், ஊத்துங்கோ, சாமிக்கும் பச்சை பிடிக்கும்" எண்டு சிரிச்சவர்.

நேற்றுப் பின்னேரம் கலறிங் பக்கற்றுகளை எல்லாம் வெட்டிக் கொட்டி ஒரு சோடாப் போத்திலில கரைச்சுப் பின்படியில வைச்சன். குசினிக்குள்ள வைச்சால் ஊத்துப்பட்டு நிலம் நிறம் பிடிக்கும் எண்டு வெளியில வைச்சன். கெட்டித்தனம்! அந்த நேரம் இவர் வளவுக்குள்ள இருந்து ஏதோ சொன்னவர், நான் ஓம் ஓம் எண்டன். கலியாணம் முடிச்சவைக்கு ஓம் எண்டது மூச்சுமாதிரி, என்ன எண்டு கேட்டுச் சொல்லுறேல்லை. காலமை பஸ்காரப் பெடியன் கேற்றடியில கோன் அடிக்க, கை நீட்டி எடுத்தன், பச்சை, சோடாப் போத்தில், பைக்குள்ள வைச்சன், ஓடினன். எல்லாம் சரி. பிலத்துப் படியில பிள்ளையளை வரிசையா நிக்கவைச்சு, போத்திலைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு பெரிய பிரசங்கம் வேற. மணல் எண்டால் தண்ணியை வடிகட்டும், சுண்ணக்கல்லு வடிகட்டாது, வெடிப்புக்குள்ளால அப்பிடியே கொண்டுபோகும், நீங்கள் இஞ்ச ஊத்திறதை அங்க ஒருத்தர் குடிக்கிறார், எண்டு. பிறகு சரிச்சன். குபுக் குபுக் எண்டு ஊத்துப்படேக்க, வாய் சும்மா இருக்குதே? "இது பச்சைத் தண்ணி எண்டபடியாச் சிரிக்கிறியள், நாளைக்கு ஒருத்தன் மருந்துப் போத்திலைக் கவிட்டு ஊத்தினாலும் இதே வழிதான் பிள்ளையள்." மருந்துப் போத்தில். அந்தச் சொல்லு என்ர வாயால வந்து என்ர காதிலயே விழ, நேற்று இவர் சொன்னதும் அப்பத்தான் காதில விழுந்தது. "அண்ணை புல்லுக்கு அடிக்க மருந்து கொஞ்சம் சோடாப் போத்திலில தந்துவிட்டவர், பின்படியில வைச்சிருக்கிறன்." புல்லுச் சாக அடிக்கிற மருந்து. அதுவும் பச்சை. போத்தில் அப்ப வெறும்போத்தில். பிள்ளையள் கை தட்டினவை.

வேற ஆக்கள் எண்டால் என்ன செய்வினம்? மணந்து பாப்பினம். போத்தில் வாயை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் முடிஞ்சுது விசயம். மருந்து ஊரைக் கூட்டும், கலறிங் ஒண்டும் சொல்லாது. நானும் கொண்டுபோனன். ஒண்டும் இல்லை. எனக்கு எல்லாமே ஒண்டும் இல்லை. கொரோனாக் காலத்துக் காய்ச்சலோட போன மணம், எல்லாருக்கும் திரும்பி வந்தது, எனக்கு வரேல்லை. மல்லிகையும் இல்லை, கருவாடும் இல்லை, மழை பெய்யேக்க செம்பாட்டு மண்ணில வாற மணமும் இல்லை. அண்டைக்குத் தொடக்கம் எங்கட வீட்டுக்கு மூக்கு இவர்தான். பாலைக் காய்ச்ச முந்தி நீட்டுவன், மணந்துபோட்டு "ஓம்" எண்டுவார். நேற்றையான் குழம்பை நீட்டுவன், "கொட்டும்" எண்டுவார். காஸ் பூட்டினால் கூப்பிடுவன். என்ர பள்ளிக்கூடச் சீலையையும் ஒருநாள் நீட்டினன், வேர்வை மணக்குதோ எண்டு. "நல்லாத்தான் இருக்கு" எண்டார். நாலு வருசமா ஒருநாளும் அலுத்துக்கொள்ளேல்லை அந்த மனுசன். மற்ற விசயம் எல்லாத்துக்கும் அலுப்புத்தான். தண்ணிப் போத்திலை நிரப்பித் தரச்சொன்னால் ஒரு பாடு. மணக்கச் சொன்னால் மட்டும் பேசாமல் குனிவார். அந்த மூக்கு வீட்டில வெங்காயத்துக்க நிக்குது, நான் பிலத்துப் படியில வெறும்போத்திலோட நிக்கிறன். பக்கத்தில வரிசையா மூக்குகள். ஆரணி, இதை மணந்து பாரடி எண்டு சொன்னால் மணப்பாள். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அது மருந்தா இருந்தால்? ஆற்றையோ பிள்ளையின்ர முகத்துக்கு நேர நஞ்சை நீட்டினவள் ஆவன். நீட்டேல்லை. மூடியை இறுக்கிப் பைக்குள்ள தாட்டன். அது ஒண்டாவது சரியாச் செய்தன்.

பிறகு நடந்ததை நினைச்சால் இப்ப வெக்கமாயும் கிடக்கு, சிரிப்பாயும் கிடக்கு. இந்தக் கேணிக்கு வந்து சேருமட்டும் ஒழுங்கையில நான் நடக்கேல்லை, ஓட்டம். "ரீச்சர், பச்சை எங்களை முந்தாது, மெல்லப் போவம்" எண்டு பிள்ளையள் பின்னால கத்திச்சினம். முந்தும் பிள்ளையள். வெடிப்புப் பெரிசெண்டால் முந்தும், அதுதானே நான் படிப்பிச்சது. இஞ்ச வந்து பாத்தால் தண்ணிக்க ரெண்டு கிழவர் சாவகாசமா முழுகினம். "ஐயா, கொஞ்சநேரம் வெளியில வாங்கோ, பிள்ளையள் தண்ணி அளக்கினம்" எண்டன். ஒருத்தர், "ஏன் பிள்ளை, நாங்கள் இருந்தால் அளவு கூடுமோ?" எண்டு கேட்டார். கூடும் எண்டன், கும்பிட்டன், இந்த ரெண்டு கையாலயும் கும்பிட்டன். புறுபுறுத்துக்கொண்டு ஏறிப் போச்சினம். கோயில் பைப்புக்கு முன்னால என்ர பையை வைச்சன், ஒருத்தரும் திறக்கக்கூடாது எண்டு. இவருக்குப் போன் அடிச்சன், அடிச்சன், அடிச்சுக்கொண்டே இருந்தன். மணி அடிக்குது, மனுசன் எடுக்குதில்லை. எங்கயோ ஒரு தோட்டத்தில மோட்டர் ஓடுற சத்தம் குடுகுடு குடுகுடு எண்டு என்ர நெஞ்சடியோட சேர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தது. கிராமசேவகருக்குச் சொல்லுவமோ? அதிபருக்கு? என்னெண்டு சொல்லுறது, சேர், களப்பயணம் நல்லாப் போகுது, ஊரின்ர தண்ணிக்க நான் நஞ்சு கலந்திட்டன் எண்டோ? போகட்டும், வேலை போகட்டும், பேப்பரில படம் வரட்டும், இன்னும் ஒருதரம் அடிச்சுப்போட்டு இவர் எடுக்காட்டில் கோயில் மணியை அடிச்சு ஊரைக் கூட்டுறது எண்டு முடிவெடுத்திட்டன். மணிக்கயிறு எங்க தொங்குது எண்டும் பாத்து வைச்சிட்டன். அப்பத்தான் எடுத்தார். பக்கத்தில பிள்ளையள், வாயை மூடிக்கொண்டு மெல்லத்தான் கேட்டன், "பின்படியில பச்சைப் போத்தில் இருக்கோ, பாருங்கோ." போய்ப் பாத்தார். இருக்காம். அப்பாடா.

இருக்காம். இருக்குத்தானே. இருக்கும்தானே. பொறு. சுகிர்தா ரீச்சர், கொஞ்சம் பொறு. ரெண்டு போத்தில் இருந்தது. ஒண்டை நான் எடுத்தன். மிச்சம் ஒண்டு இருக்கும்தானே! மருந்தை எடுத்திருந்தால் கலறிங் இருக்கும், கலறிங்கை எடுத்திருந்தால் மருந்து இருக்கும், எதை எடுத்திருந்தாலும் ஒரு பச்சைப் போத்தில் பின்படியில இருந்துகொண்டுதான் இருக்கும். ஐயோ கோதாரி. இதுக்கோ நான் ராசா ராசா எண்டு உருகினன்? இதுக்கோ கால் வந்தது? திரும்பவும் போச்சு. அந்த மனுசனும், அலுமாரியைத் திறக்காமலே சேட்டு இல்லை எண்டு சொல்லுற மனுசன், உப்புப் போத்திலைக் கையில வைச்சுக்கொண்டு உப்பு எங்க எண்டு கேக்கிற மனுசன், அவரிட்ட இருக்கோ எண்டு கேட்டால் இருக்கு எண்டுதானே சொல்லும். பிழை அவரில இல்லை. கேள்வி பிழை. படிப்பிக்கிறவள் நான், கேள்வியைச் சரியாக் கேக்கத் தெரியேல்லை. டிலக்சி எண்டால் கேட்டிருப்பாள். தண்ணியைப் பாக்கிறன். பச்சை இல்லை. இல்லைதானே? அந்த மூலையில? பாசி. அது பாசி. எழும்பிப் பூவரசுக்குப் பின்னால போனன், பிள்ளையளுக்குக் காது கேக்காத தூரம். அவசரத்தில நம்பருக்குப் பதிலா ரோச் லைற்றை அமத்தினன், பட்டப்பகலில போன் பளீர் எண்டு எரியுது, பூவரசில இருந்த காகம் என்னைப் பாத்திட்டுப் பறந்தது.

"என்னப்பா இப்ப? கை முழுக்கச் சேறு." இஞ்சாருங்கோ, பின்படியில எத்தினை போத்தில் இருக்கு? "ஒண்டு. நீர்தானே கேட்டனீர் இருக்கோ எண்டு. இருக்கு எண்டு சொன்னன்." அது எந்தப் போத்தில்? "பச்சைப் போத்தில்." ரெண்டும் பச்சை அப்பா! அதை நான் கத்தினனோ சொன்னனோ தெரியாது. பிறகு இவர் மெல்லக் கேட்டார், "நீர் எதை ஊத்தினீர்?" அதுதான் எனக்குத் தெரியாது எண்டன். அவ்வளவுதான், ஏன் எதுக்கு எண்டு ஒரு சொல்லு கேக்கேல்லை, செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது, ஓடுறார், அறுபது வயசு மனுசன் வரம்பில விழுந்து முறிக்கப்போறார், கோழி ஒண்டு கத்திக்கொண்டு விலகுது, வாளி ஒண்டு உருளுது. வந்திட்டன், எடுத்திட்டன், மூடி இறுகிக் கிடக்கு எண்டார். தள்ளிப் பிடியுங்கோ எண்டன், மூக்கில முட்டவேண்டாம், காத்து உங்கட பக்கம் வராமல் நில்லுங்கோ. "எனக்குச் சொல்லித் தாரும்" எண்டார். பிறகு அந்த மூச்சு. நாலு வருசமாக் காலமையும் பின்னேரமும் எனக்குப் பக்கத்தில நிண்டு கேட்ட அந்தச் சின்ன மூச்சு, பாலுக்கும் குழம்புக்கும் சீலைக்கும் இழுத்த அதே மூச்சு, போனுக்குள்ளால கேட்டது. "தூ! கோதாரி! நாறுது!" இருமினார், துப்பினார், திரும்ப இருமினார். "மருந்து. மருந்துதான் சுகி." வடிவா மணந்தனீங்களே? "இனி என்னெண்டு மணக்கிறது, நீர் வந்து மணந்து பா..." எண்டு தொடங்கினவர் அப்பிடியே நிப்பாட்டினார். பிறகு வேற குரலில, "சத்தியமா மருந்துதான். நீர் ஊத்தினது உம்மட பச்சைத்தண்ணிதான். போய் ஒரு வாய் தேத்தண்ணி குடியும்" எண்டார். சரி எண்டன். போனை வைச்சிட்டுப் பூவரசைக் கட்டிப்பிடிச்சு அழுதன். கொஞ்சநேரம்தான். மூக்கைச் சிந்திப்போட்டு வந்தன்.

இப்ப எல்லாம் வடிவாக் கிடக்கு. கடல் வடிவு. கேணித் தண்ணி வடிவு. அந்த ரெண்டு கிழவரையும் கூப்பிட்டு, இனி முழுகுங்கோ ஐயா, அளந்து முடிஞ்சுது எண்டன், "எத்தினை இருந்தது?" எண்டு கேட்டார் அந்தப் பகிடிக்காரர். காணும் காணும் எண்டன். பசிக்குது. காலமை கட்டிக்கொண்டு வந்த இடியப்பம் அப்பிடியே கிடக்கு, பிரிச்சுச் சாப்பிட்டன், சம்பலில உறைப்பு மட்டும்தான் எனக்குத் தெரியும், இண்டைக்கு அந்த உறைப்பே போதும். ஒண்டும் நடக்கேல்லை. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. வீட்டுக்குப் போனவுடன அந்த மருந்தை என்ன செய்யிறது எண்டு கமநலசேவை நிலையத்தில கேக்கவேணும், இனிமேல் சோடாப் போத்திலில மருந்து தந்தால் இவரின்ர அண்ணையோட ஒரு பாட்டம் கதைக்கவேணும், இவருக்குப் புட்டும் முட்டைப் பொரியலும் செய்யவேணும். "ரீச்சர் ஏன் தனியச் சிரிக்கிறியள்?" எண்டு டிலக்சி கேக்கிறாள். பசி அடங்கினது எண்டன். "பச்சை வருதில்லையே ரீச்சர்." அது வராட்டிலும் பரவாயில்லை எண்டு சொல்ல வாய் வந்தது, இல்லை, இனி அது சரியில்லை, இப்ப எனக்கு அது வேணும், இவ்வளவு பாடுபட்டு ஊத்தினதை எங்க கொண்டுபோய் வைச்சிருக்கு இந்தக் கல்லு? பொறுங்கோ பிள்ளையள், வரும், கல்லுக்கு அவசரம் இல்லை. அப்பத்தான் ஏதோ குறையிறமாதிரி இருந்தது. காதில ஏதோ ஒண்டு இல்லை. மோட்டர். இவ்வளவு நேரமும் எங்கயோ குடுகுடுத்துக்கொண்டிருந்த தோட்டத்து மோட்டர் நிண்டுபோச்சு.

நிப்பாட்டினவ நேர எங்களிட்டத்தான் வாறா. ஒழுங்கையால ஒரு மனுசி, இடுப்பில சீலையைச் செருகிக்கொண்டு, கையில வாளி, தண்ணி தளும்பித் தளும்பிக் காலெல்லாம் நனையுது, அவவின்ர முகத்தில எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒண்டு இருக்கு, இண்டைக்குக் காலமை முழுக்க நான் போட்டுக்கொண்டு நிண்ட முகம் அது. "ஆர் அந்த ரீச்சர்? பிலத்தடியில போத்திலோட நிண்டதைக் கண்டவையாம், ஆர் என்ர கிணத்துக்க எதையோ ஊத்தினது?" வாளியை எனக்கு முன்னால வைச்சா. பச்சை. கேணிக்கு வரேல்லை, கடலுக்குப் போகேல்லை, எதிர்த்திசையில, மேட்டுப்பக்கம், ஒரு வீட்டுக் கிணத்துக்கு. மோட்டர் இழுத்திருக்கு. தண்ணி கடலைப் பாத்து ஓடும் எண்டு படிப்பிச்சன், மோட்டர் போட்டால் மோட்டரைப் பாத்து ஓடும் எண்டு நினைக்கேல்லை, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நினைக்கேல்லை. நான் இஞ்ச கிழவரை ஏத்தி, பைப்பை மறிச்சு, கோயில் மணியைப் பாத்து, எல்லாக் காவலும் பிழையான வாசலில காத்திருக்கிறன். "பேத்தியை முழுக வார்த்துக்கொண்டு நிக்கிறன், வாளி பச்சையா வருது. முதல் வார்த்த வாளியள் எனக்கு வடிவாத் தெரியேல்லை, வெளிச்சம் இல்லாத கிணத்தடி. பிள்ளை வாயைத் திறந்து திறந்து குடிச்சது. என்ன அது? சொல்லுங்கோ ரீச்சர், என்ன அது?" நான்தான் அக்கா ஊத்தினது எண்டன். கேக்குக்குப் போடுற கலறிங் அக்கா, பிலத்துக்க ஊத்தினன், உங்கட கிணத்துக்கு வரும் எண்டு தெரியாது, உங்களிட்டச் சொல்லாமல் செய்தது என்ர பெரிய பிழை. "கலறிங் எண்டு எப்பிடித் தெரியும்?" எண்டா. டிலக்சி என்னைப் பாக்கிறாள். எல்லாரும் பாக்கினம். பின்படி, ரெண்டு போத்தில், வெங்காயம், எந்த மனுசிக்கு இதெல்லாம் விளங்கும், எந்த மனுசி இதை நம்பும்? வாயால சொல்லி இந்தப் பயம் போகாது. எனக்குப் போகேல்லையே.

குனிஞ்சு வாளியைத் தூக்கினன். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகேக்க, பழக்கதோசம், முகம் தன்ர பாட்டில இடப்பக்கம் திரும்பிச்சுது, நீட்டிறதுக்கு. அங்க ஒருத்தரும் இல்லை. "ரீச்சர்!" எண்டு ஆரணி கத்தினாள். குடிச்சன். ஒரு மிடறு இல்லை, மூச்சுவிடாமல், தொண்டை நோகுமட்டும் குடிச்சன், சீலை நெஞ்செல்லாம் பச்சை. குளிர்ந்த தண்ணி. எங்கட ஊர்க் கல்லுத்தண்ணி, நாக்கில கொஞ்சம் கரகரத்தது, வேற ஒண்டும் இல்லை. வாளியை வைச்சன். அந்த மனுசி என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டா, விழுவனோ எண்டு. விழேல்லை. பிறகு மெல்ல விரலைத் தோய்ச்சுத் தானும் நாக்கில வைச்சா. "சும்மா தண்ணிதான்" எண்டா, இவ்வளவு நேரமும் பிடிச்சுவைச்ச மூச்சை விட்டா, விட்ட மூச்சிலயே "ரீச்சர்மாருக்கு வேற வேலை இல்லை" எண்டு பேசவும் தொடங்கினா. பேசுங்கோ அக்கா. நல்லாப் பேசுங்கோ. பிள்ளையைப் போய்ப் பாப்பம், நானும் வாறன் எண்டு வெளிக்கிட, போன் அடிச்சது. இவர்தான். "என்னப்பா, உம்மட பச்சை வந்ததே?" வந்தது எண்டன், ஒரு வீட்டுக் கிணத்துக்கு வந்தது, வீட்டுக்காரி பயந்துபோனா, அதால நான் குடிச்சுக் காட்டினன். போனுக்குள்ள எங்கட கோழி கத்துறது கேட்டது.

"குடிச்சனீரோ? என்ர மூக்கை நம்பியோ குடிச்சனீர்?"

"பின்ன? எனக்கு வேற ஆற்ற மூக்கு இருக்கு?"